அனுமதியற்ற மாமன்

எல்லையிலாத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துக்குச் சுவர் கிடையாது, வாசல் கிடையாது, போன் அடித்தால் எடுக்க ஆளும் கிடையாது. பட்டம் மட்டும் உண்டு. அந்தப் பட்டத்துக்கும் லிங்கராஜுக்கும் நடுவே ஒரே ஒரு பாடம் குறுக்கே படுத்துக் கிடந்தது. 'சமூகவியல்: ஓர் அறிமுகம்.'

லிங்கராஜுக்குத் தூத்துக்குடியில் தனராஜ் அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சியில் வேலை. எந்தக் கப்பல் வந்திருக்கிறது, யாருடைய கன்டெய்னர் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வயது முப்பத்திநாலு, கல்யாணம் ஆகவில்லை. சமூகத்துக்கும் அவனுக்கும் யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்று அவனைத் தெரிந்த ஒருவரும் நினைத்ததில்லை. டீக்கடையிலிருந்து துறைமுக வாசலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். லிங்கராஜ் நடந்தால் அரை மணி நேரம். வழியில் நின்று குசலம் கேட்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேர்.

"ஏலே லிங்கம், நம்ம மேனேசர் பெரியவரு சித்திரையோட ஓய்வு எடுக்காரு" என்றார் தனராஜ் அண்ணாச்சி ஒருநாள். "அந்தச் சீட்டுல ஒன்னத்தான் உக்கார வைக்கணும்னு இருக்கேன். ஆனா கஸ்டம்ஸ்ல டிகிரி கேக்கான். நீ அந்த ஒத்தப் பாடத்த முடிச்சிட்டு வா. இல்லன்னா போன வருசம் சேந்த ஜெபசிங்கத்தான் வைக்கணும். அவன் உக்காந்து பெல் அடிப்பான், நீ டீ வாங்கிட்டு ஓடணும். எனக்கே பாக்கச் சங்கடமா இருக்கும்லா?"

லிங்கராஜுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஜெபசிங் நல்ல பையன்தான். ஆனால் அவன் டீயில் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறவன்.

முதல் வகுப்பைத் துறைத்தலைவர் முனைவர் சாம்பவமூர்த்தி எடுத்தார். புத்தக அலமாரி அச்சடித்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "சமூகம் என்பது மனிதர்களுக்கிடையே நிலவும் உறவுகளின் வலைப்பின்னல். இதைத் தனியறையில், கதவைத் தாழிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கற்கவும்."

சக மாணவர்களோடு உறவாடுவது கட்டாயம். வாரத்துக்கு இரண்டு உறவாடல். அதற்கென்று 'சமூக மன்றம்' என ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் எதையாவது எழுத வேண்டும், மற்றவர்கள் கீழே 'அருமையான கருத்து, முழுமையாக உடன்படுகிறேன்' என்று எழுத வேண்டும். ஒரு வாரம் யாரோ ஒரு புண்ணியவான் கை தவறித் தன் வீட்டுக் கரண்ட் பில்லை ஏற்றிவிட்டான். வகுப்பே முழுமையாக உடன்பட்டது. லிங்கராஜும் உடன்பட்டான். மதிப்பெண் வந்தது.

அடுத்து வந்தது களப்பணி. ஒரு சமூக நிகழ்வுக்குப் போக வேண்டும். எதிலும் கலந்துகொள்ளாமல் ஓரமாக நின்று பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். இதற்குப் பெயர் பங்கேற்காத உற்றுநோக்கல். பல்கலைக்கழகத்துக்கு இது சாதாரணக் காரியம். நம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் எதிலும் கலந்துகொள்ளாமல் நிற்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. லிங்கராஜுக்குத் தெரியும், ஆனால் மதிப்பெண் ஆசை அவன் கண்ணை மறைத்துவிட்டது.

அவன் அலுவலகத்தில் டைப் அடிக்கும் ஜெபசெல்விக்குச் சாயர்புரத்தில் கல்யாணம். லிங்கராஜ் போனான். மண்டபத்தின் தூண் ஓரமாக நின்றான். வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. மொய் எழுதவில்லை. மேடையில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தான். பிரியாணி வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்தது. அதற்கும் அசையவில்லை.

பெண்ணின் அப்பா ஜேசுதாசன் வந்து, "தம்பி, பந்திக்கு வாங்க" என்றார்.

"நான் சாப்பிடக் கூடாதுங்க. பாக்கத்தான் வந்தேன்."

"யாரப் பாக்க?"

"பொண்ணு மாப்பிள்ளயத்தான்."

ஜேசுதாசன் முகம் வெளிறிப் போனது. கொஞ்ச நேரத்தில் லிங்கராஜுக்கு வலப்பக்கம் ஒரு தடியன், இடப்பக்கம் ஒரு தடியன் வந்து நின்றுகொண்டார்கள். "மனசத் தேத்திக்கோ அண்ணாச்சி. நடந்தது நடந்துபோச்சு. அவளாவது நல்லாருக்கட்டும்" என்று ஒருவன் அவன் தோளைத் தட்டினான். மறுநாள் துறைமுகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: லிங்கராஜ் காதல் தோல்வி. ஜெபசெல்வி ஒரு மாதம் அவனிடம் பேசவில்லை. டீக்கடைக்காரர் அவனுக்கு மட்டும் டீயைக் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபட்டு எழுதி அனுப்பியதற்கு இருபதுக்கு நாலு மதிப்பெண் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'ஆய்வாளர் அங்கே இருந்ததால் நிகழ்வு பாதிக்கப்பட்டுள்ளது. அடுத்த முறை அங்கே இல்லாமல் இருந்து உற்றுநோக்கவும்.'

ஆகவே எல்லாம் கடைசித் தேர்வைப் பொறுத்ததாகிவிட்டது. தேர்வு நாளை அறிவித்தார்கள். பங்குனி உத்திரம்.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் மாவட்டத்தில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோவில் எந்தக் காட்டுக்குள் இருக்கிறதோ அங்கே போய்விடுவார்கள். லிங்கராஜின் அக்கா முருகேஸ்வரி அந்த நாளில்தான் மகளுக்குக் காது குத்துவதாக நேர்ந்திருந்தாள். பிள்ளை முத்துமாரிக்கு இரண்டரை வயது. காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். முருகேஸ்வரிக்கு இருப்பது ஒரே தம்பி. பிள்ளைக்கு இருப்பது ஒரே மடி.

லிங்கராஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டான். பதில் உடனே வந்தது, மனிதர் யாரும் எழுதாத பதில்: 'அன்புத் தேர்வரே, பங்குனி உத்திரம் எங்கள் விடுமுறைப் பட்டியலில் இல்லை. ஆனால் அலகு நான்கு, திருவிழாக்கள் என்ற பகுதியில் இருக்கிறது. படித்துப் பயன்பெறவும்.'

"ஏலே, ரெண்டு வருசமா பிள்ள காது மூளியாக் கெடக்கு" என்றாள் முருகேஸ்வரி போனில். "நீ பரீட்ச எழுதுவியோ மலைய முழுங்குவியோ எனக்குத் தெரியாது. மடியக் கொண்டாந்து சேத்துரு."

லிங்கராஜ் கணக்குப் போட்டான். காலை எட்டு மணிக்குக் காது குத்து. பத்தரைக்குத் தேர்வு. கோவில் இருக்கும் தேரிக்காட்டில் சிவப்பு மணல் மேட்டின்மேல் நின்றால் சிக்னல் கிடைக்கும். தேர்வு எழுதும் இடத்துக்கு நான்கு சுவர் வேண்டும், தேர்வரைத் தவிர வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. குடும்பம் வந்த ஆம்னி வேனை மேட்டின்மேல் ஏற்றி, கண்ணாடியை எல்லாம் மூடிவிட்டால் ஆயிற்று. அருமையான திட்டம்தான். அய்யாக்குட்டி ஆசாரியை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

உத்திரத்தன்று ஆசாரியைப் பிடிப்பது சுலபமல்ல. ஊசியும் கம்பியுமாக டிவிஎஸ் வண்டியில் ஒரு கோவிலிலிருந்து இன்னொரு கோவிலுக்குப் பறந்துகொண்டிருப்பார். எட்டு மணிக்கு வர வேண்டிய அய்யாக்குட்டி ஆசாரி வேறேதோ தேரியில் வேறேதோ பிள்ளைகளை அழவைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. முத்துமாரிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வைத்திருந்தார்கள். ஆசாரியைக் காணோம். லிங்கராஜ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"தேர்வரே, வருக" என்றது ஒரு பெண் குரல். இயந்திரக் குரல், ஆனால் தேனில் தோய்த்தது. "நான் உங்கள் தேர்வுக் கண்காணிப்பாளர். அறையின் நான்கு சுவர்களையும் காட்டவும்."

லிங்கராஜ் லேப்டாப்பைச் சுற்றிக் காட்டினான்.

"சுவர்கள் உறுதி செய்யப்பட்டன. அறையில் ஸ்டியரிங் காணப்படுகிறது. மன்னிக்கப்படுகிறது. தேர்வு தொடங்கலாம்."

பங்குனி வெயிலில் மூடிய வேனுக்குள் லிங்கராஜ் இட்லியாக வெந்தான். ஆனாலும் எழுதினான். சமூக அடுக்கமைவு எழுதினான், சமூக மாற்றம் எழுதினான். கடைசிக் கேள்வி திரையில் வந்தது: 'தென்னிந்தியக் குடும்பச் சடங்குகளில் தாய்மாமனின் பங்கினை விளக்குக. பதினைந்து மதிப்பெண்.'

அவன் முகம் மலர்ந்தது. இதற்குப் படிக்கவே வேண்டாம். விரலைச் சொடுக்கிக்கொண்டு 'தாய்மாமன் என்பவர்' என்று தட்டினான். அந்த நேரத்தில் வேன் கதவு படார் என்று திறந்தது.

"எறங்காத, எறங்காத, அப்படியே இரி" என்று கத்தினார் அவன் அத்தான் செல்லப்பாண்டி. ஸ்ரீவைகுண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். "ஆசாரி வந்துட்டாரு. அடுத்த கோயிலுக்குப் போகணுமாம். இப்பக் குத்துனா உண்டு, இல்லன்னா கெளம்புதேங்காரு."

"அத்தான், பரீட்ச நடக்கு!"

"நடக்கட்டும். ஒன் மூளையாலதான எழுதுத, மடி சும்மாத்தான இருக்கு?"

மறுபேச்சுக்கு இடமில்லை. சந்தன மொட்டையோடு முத்துமாரி மடியில் வந்து இறங்கினாள். ஊசியோடு ஆசாரி ஒரு காலை வேனுக்குள் வைத்தார். பின்னால் முருகேஸ்வரி ஏறினாள். அவளுக்குப் பின்னால் மிச்சச் சொந்தம் எல்லாம் தலையை நீட்டியது.

"தேர்வரே, இரண்டாவது முகம் தென்படுகிறது" என்றது குரல்.

வேனுக்குள் எல்லாரும் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். ஜெபசெல்வி கல்யாணச் செய்தி அவள் காதுக்கும் வந்திருந்தது. "யாருலே அது பொம்பளக் கொரலு?" என்றாள். பிறகு அவள் முகம் மெல்ல விரிந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேலே."

"எக்கா, அது மெசினுக்கா!"

"நீ சும்மா கெட" என்று லேப்டாப் பக்கம் குனிந்தாள். "ஏளா, ஒனக்கு எந்த ஊரு? சாப்ட்டியாம்மா?"

"மூன்றாவது முகம் தென்படுகிறது."

"கொரலு நல்லாத்தான் இருக்கு" என்றார் செல்லப்பாண்டி.

"ஐந்தாவது முகம். ஆறாவது முகம். தேர்வரே, இது எச்சரிக்கை."

"எங்க ஆளுவ கூட்டம்தாம்மா. போகப் போகப் பழகிரும்" என்று முருகேஸ்வரி சமாதானம் சொன்னாள்.

அய்யாக்குட்டி ஆசாரி குத்தினார். முத்துமாரி வீரிட்டாள். வீரிட்ட வேகத்தில் மாமன் கையைக் கடித்தாள். லிங்கராஜின் இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன. திரையில் 'தாய்மாமன் என்பவர்' என்ற வாசகம் அதற்குமேல் நகராமல் நின்றுகொண்டிருந்தது. வெளியே பரிவார சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா, என்ன சத்தம் என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தது.

"பதினோராவது முகம் தென்படுகிறது. தேர்வு நிறுத்தப்படுகிறது. நன்றி, வணக்கம்."

"போயிட்டாளே" என்றாள் முருகேஸ்வரி வருத்தத்தோடு. "கிடாயப் பாத்துப் பயந்துட்டா போல."

லிங்கராஜ் லேப்டாப்பை மூடினான். அழுது ஓய்ந்த பிள்ளை புதுக் கம்மலோடு அவன் நெஞ்சில் சாய்ந்து தூங்கிப் போயிற்று. சீட்டு போயிற்று என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது. பிள்ளையை இறக்கிவிடவும் மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. அதுவும் திரையில்தான். முனைவர் சாம்பவமூர்த்தி நடுவில், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒரு பக்கம், தொழில்நுட்ப இயக்குநர் ஒரு பக்கம்.

"தேர்வர் மீது மூன்று குற்றச்சாட்டுகள்" என்று படித்தார் கட்டுப்பாட்டு அலுவலர். "ஒன்று, பத்து அனுமதியற்ற நபர்கள். இரண்டு, அவர்களில் ஒருவர் கையில் கூரிய ஆயுதம். மூன்று, தேர்வின்போது காதில் கருவி பொருத்தியது."

"அது கம்மல் சார்."

"யார் காதில்?"

"பிள்ள காதுல."

அலுவலர் மற்ற இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். "கருவியைத் தன் காதில் மாட்டினால் பிடிபடுவோம் என்று சிறுமியின் காதில் மாட்டியிருக்கிறார். பொருத்திய மறுநொடியே சிறுமி உரத்த குரலில் விடைகளைக் கூறியிருக்கிறாள்."

"அழுதுச்சு சார்!"

"எந்த மொழியில்?"

"சார், அந்தப் பத்துல ஒண்ணு ஆடு" என்றான் லிங்கராஜ்.

தொழில்நுட்ப இயக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் இயந்திரம் ஆட்டையும் முகம் என்றே மதித்தது. மனிதனாக இருந்தால் பாகுபாடு பார்த்திருப்பான்."

"எங்களுக்குத் தேர்வர்மேல் தனிப்பட்ட விரோதம் ஏதும் இல்லை" என்றார் கட்டுப்பாட்டு அலுவலர். "தேர்வர்கள் யார், என்ன செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்கு எதுவுமே தெரியாது. அதுதான் எங்கள் நேர்மை."

கடைசியில் சாம்பவமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "தேர்வரே, சமூகம் ஒரு கடல். கடலை ஆராய்பவன் கரையில் நிற்க வேண்டும். நீங்கள் நனைந்திருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகளாகக் குடும்பம் என்ற அமைப்பை ஆராய்கிறேன். முப்பது ஆண்டுகளில் என் குடும்பத்தார் ஒருவர்கூட என் அறைக்குள் வந்ததில்லை. என் மகள் திருமணத்தன்று நான் 'திருமணம்' என்ற கட்டுரையை முடித்துக்கொண்டிருந்தேன். அழைப்பிதழ்கூட அவள் முறைப்படி தபாலில்தான் அனுப்பினாள். அதுவல்லவா கட்டுப்பாடு!"

லிங்கராஜுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஒரு நப்பாசையில் கேட்டான்: "சார், கடைசிக் கேள்வியே தாய்மாமன் பத்தித்தான். நான் அந்நேரம் அதத்தான செஞ்சிட்டு இருந்தேன்?"

"கேள்வியை ஒழுங்காகப் படித்தீர்களா?" என்றார் முனைவர். "'விளக்குக' என்று இருந்தது. 'செய்க' என்று இல்லை."

தேர்ச்சி இல்லை. ஐப்பசியில் மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம். தேர்வின்போது பதிவான காணொளி இனிப் பல்கலைக்கழகத்தின் சொத்து. சேரும்போதே லிங்கராஜ் ஒப்புதல் கொடுத்துவிட்டான், படிக்காமல்.

தனராஜ் அண்ணாச்சி பெரிய மனது பண்ணினார். "தீபாவளி வரைக்கும் பெரியவரக் கையக் காலப் பிடிச்சு இருக்க வச்சிருக்கேன். அதுக்கு மேல ஜெபசிங்குதான். எங்கயாவது ஆள் அரவம் இல்லாத எடமாப் பாத்து எழுதித் தொலையேம்லே."

லிங்கராஜ் இந்த முறை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடம் சென்னைக்குப் போவதாகப் பொய் சொன்னான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஒரு அறை எடுத்து, போனை அமர்த்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, நான்கு சுவர்களையும் கட்டிலுக்கு அடியையும் கேமராவுக்குக் காட்டினான்.

"முகம் ஒன்று மட்டுமே. மிக்க மகிழ்ச்சி" என்றது அந்தக் குரல். லிங்கராஜுக்கு என்னவோ பழகிய ஆளைப் பார்த்ததுபோல இருந்தது.

கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன. கடைசிக் கேள்விக்கு வரும்போது, இதைச் சரியாகச் செய்தால்தான் தேறுவோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வியில் ஒரு காணொளி இருந்தது. ஒரு வேன். சந்தன மொட்டையோடு வாயைப் பிளந்து அழும் ஒரு பிள்ளை. ஊசியோடு ஒரு கை. ஓரத்தில் ஒரு ஆடு. பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பவனின் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். தன் சட்டையை லிங்கராஜுக்குத் தெரியாதா?

'காணொளியில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர் யார்? அ) பூசாரி. ஆ) குழந்தையின் தந்தை. இ) ஆணாதிக்கக் குடும்ப அமைப்பு. ஈ) அனுமதியற்ற நபர்.'

அவன் திரும்பத் திரும்பப் படித்தான். ஐந்தாவதாக ஏதாவது இருக்கிறதா என்று திரையைக் கீழே தள்ளிப் பார்த்தான். இல்லை. விசாரணையில் அவர்கள் படித்த அறிக்கை நினைவுக்கு வந்தது; பிள்ளையை மடியில் வாங்கிய நொடியிலிருந்து அவனும் அவர்களுக்குத் தேர்வர் இல்லை, அனுமதியற்றவன்தான். எது சரியான விடை என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை கடித்த இடத்தில் கை அரித்தது. ஜெபசிங் பெல் அடிப்பது காதில் கேட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

லிங்கராஜ் ஈ-யை அழுத்தினான்.

"சரியான விடை" என்றது குரல். "வாழ்த்துகள் தேர்வரே. நீங்கள் சமூகத்தைப் புரிந்துகொண்டீர்கள்."

சான்றிதழ் வந்தது. 'எவர் துணையுமின்றி, எவரும் அருகில் இல்லாமல், சமூகத்தைக் கற்றுத் தேர்ந்தார்' என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. தனராஜ் அண்ணாச்சி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். லிங்கராஜ் பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் டீயை ஜெபசிங்தான் வாங்கிக்கொண்டு வந்தான்.

தீபாவளிக்கு மிட்டாய்ப் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனான். முருகேஸ்வரி வாசலிலேயே திருஷ்டி கழித்தாள். சோறு போட்டுக்கொண்டே, "அப்பிடி என்னதாம்லே கேட்டான் அந்தப் பரீட்சையில? கடைசிக் கேள்வி ரொம்பக் கஸ்டம்னு அண்ணாச்சி சொன்னாவளே?" என்றாள்.

லிங்கராஜ் சோற்றைப் பிசைந்தான். "காது குத்துன வீடியோவப் போட்டு, பிள்ளய மடியில வச்சிருக்கது யாருன்னு கேட்டான்க்கா."

முருகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இதெல்லாம் ஒரு கேள்வியாலே? இதுக்கா ரெண்டு தடவ எழுதுன?" என்றவள், பட்டாசுப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். "ஏளா மாரி, ஒனக்குக் காது குத்தும்போது மடியில வச்சிருந்தது யாரு? சொல்லு."

முத்துமாரி கம்மல் ஆடத் திரும்பி, எச்சில் விரலால் லிங்கராஜைக் காட்டினாள். "மாமா."

"பாத்தியா?" என்று சிரித்தாள் முருகேஸ்வரி. "அவளும் பாஸு."

லிங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்தான்.